பறப்பவனுக்குக் கைத்தட்டல், செய்பவனுக்குச் சிரிப்பா?



முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதன் பிறகு உங்கள் மீதும் குற்றம் சாட்டுவேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு, வழக்கம்போல் 'என் இலட்சியம்'. மேடையேறிய பிள்ளைகளில் பாதிப் பேர் மருத்துவர் ஆனார்கள். இருவர் வழக்கறிஞர், மூவர் விமானி. 'விமானி' என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் கைதட்டினர். கடைசியாக வந்த நான்காம் ஆண்டு மாணவன், தான் விமானத்தைச் செய்யப் போவதாகவும் அது கெட்டுப் போனால் தானே பழுது பார்க்கப் போவதாகவும் சொன்னான். அரங்கம் சிரித்தது. நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்த நான், 'இலட்சியத்தில் உயர்வு இல்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அந்தப் பையன் பின்னர் எஸ்.பி.எம். முடித்தான். லாரி ஓட்டுநரான அவன் தந்தையார் என்னைத் தேடி வந்தார். "ஐயா, விமானம் பழுது பார்க்கும் படிப்புக்குப் போகிறேன் என்கிறான். மெக்கானிக் வேலைக்குப் போகவா இவ்வளவு படிக்க வைத்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அந்தப் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "ஆறாம் படிவம் படிக்கட்டுமே" என்று சொல்லி அனுப்பினேன். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போனார் அந்த மனிதர்.

இன்று அந்தப் பையன் நாள்தோறும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பெட்டிகளை அடுக்குகிறான். அது நேர்மையான உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தீவில் செலேத்தாரில் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. பெரிய பயணிகள் வானூர்திகளுக்கான டிரெண்ட் இயந்திரங்களைப் பொருத்தும் அந்த ஆலை 2012இல் திறக்கப்பட்டது. அவன் கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அது போன்றதொன்று. வழியை அடைத்தவர்களுள் நானும் ஒருவன்.

இந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். என் குற்றச்சாட்டு இதுதான்: பறப்பவனைக் கொண்டாடும் நாம் செய்பவனை இழிவாகப் பார்க்கிறோம். அதனால்தான் நம் கண்ணெதிரே வளர்ந்துவரும் ஒரு தொழில்துறை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே போகிறது.

நம் நாட்டில் என்ன நடக்கிறது?

'மலேசியாவில் விமானம் செய்கிறார்களா?' என்று பெற்றோர் பலர் வியப்போடு கேட்கின்றனர். முழு விமானம் செய்வதில்லை. ஆனால் உலகெங்கும் பறக்கும் விமானங்களின் உறுப்புகள் இங்கே உருவாகின்றன.

மலாக்கா பத்து பெரெண்டாமில் சி.டி.ஆர்.எம். என்னும் நிறுவனம் இருக்கிறது. 1990இல் தொடங்கப்பட்ட அது, ஏர்பஸ் ஏ320 வானூர்தியின் இறக்கைக்கான கூட்டுப்பொருள் பாகங்களைச் செய்கிறது. கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமில் போயிங் வானூர்திகளுக்கான பாகங்கள் உருவாகின்றன. சிலாங்கூர் செரண்டாவில் டிரெண்ட் இயந்திரத்தின் முகப்பு விசிறியைச் சுற்றியுள்ள உறையைச் செய்கிறார்கள். சுங்கை பூலோவில் உள்ள எஸ்.எம்.இ. ஏரோஸ்பேஸ், பிரிட்டனின் ஹாக் போர் வானூர்திகளுக்கு இறக்கைக்கடியில் பொருத்தும் தாங்கிகளைச் செய்து அனுப்பியிருக்கிறது. சுபாங்கில் 2009இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நிறுவனத்தின் ஆலையை வாங்குவதற்கு, 2025இல் நம் சி.டி.ஆர்.எம். ஒப்பந்தம் செய்தது. விலை ஏறத்தாழ 9.5 கோடி அமெரிக்க டாலர்.

2015இல் அரசாங்கம் வெளியிட்ட வானூர்தித் தொழில்துறைப் பெருந்திட்டம், 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டு வருமானம் 5,520 கோடி ரிங்கிட், வேலை வாய்ப்புகள் 32,000 என்று இலக்கு வைத்தது.

சரி, நம் ஜொகூருக்கு என்ன? ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்படிக்கை 2025 ஜனவரியில் கையெழுத்தானது. அதில் புதிதாக முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காட்டுச் சிறப்பு வரி என்று அறிவித்தபோது, தகுதிபெறும் துறைகளுள் ஒன்றாக வானூர்தி உற்பத்தியும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. செனாய் விமான நிலையத்தையொட்டி இத்துறைக்கென்றே நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வானூர்திப் பொறியியலைக் கற்பிக்கிறது. மேற்கே மலாக்கா, தெற்கே செலேத்தார், நடுவில் நாம். நம் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்காவது இதை நாம் சொல்லியிருக்கிறோமா?

இறக்கையைச் செய்வது யார்?

இறக்கைப் பாகத்தை இயந்திரம் தானாகவே செய்து தள்ளிவிடும் என்று நினைக்காதீர்கள். பிசின் ஊட்டிய கார்பன் இழைத் துணியைக் குளிர் அறையில் பாதுகாப்பார்கள். தூசு புகாத கூடத்தில் அதை அளந்து வெட்டி, அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒவ்வோர் அடுக்கும் எந்தத் திசையில் கிடக்க வேண்டும் என்பதற்கு வரைபடம் உண்டு. பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து, நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் பெரிதாக்கியது போன்ற கலனுக்குள் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக வைப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டதா என்று ஒலி அலைகளால் சோதிப்பார்கள். தங்கியிருந்தால் அந்தப் பாகத்தைக் கழித்துவிடவும் நேரும்.

இந்த வேலையில் எத்தனையோ பாகங்கள் இன்றும் மனிதக் கையாலேயே அடுக்கப்படுகின்றன. அதற்குத் தேவை பொறுமை, அளவு, தூய்மை, சொன்ன வரிசையை மீறாத ஒழுக்கம். பொங்கல் விழாவின்போது நம் பள்ளி வாயிலில் தென்னங்குருத்தைக் கிழித்து, மடித்து, ஓர் இழை பிசகாமல் தோரணம் பின்னும் பிள்ளைகளைப் பாருங்கள். கணக்குத் தாளில் சிவப்பு மை வாங்கும் பிள்ளைகள் அவர்களுள் பலர். 'கடைசி வகுப்பு' என்று நாம் முத்திரை குத்தும் அந்தக் கைகளைத்தான் இந்தத் தொழில் தேடுகிறது.

ஆனாலும் நாம் ஏன் முழு விமானம் செய்யவில்லை?

முயன்றோம். 1990களில் ஈகிள் என்னும் இரண்டு இருக்கை விமானத்தையும், சுவிட்சர்லாந்தின் டாட்வைலர் நிறுவனம் வடிவமைத்த எம்.டி.3 என்னும் சிறு விமானத்தையும் கையில் எடுத்தோம். இரண்டும் நிலைக்கவில்லை. பிறர் வரைந்த படத்தை வாங்கலாம். வரையும் மூளையையும் செதுக்கும் கையையும் வாங்க முடியாது.

வாங்கி மட்டுமே பழகியவன் நிலை என்ன ஆகும் என்பதை 2018இல் நாடாளுமன்றத்தில் கேட்டோம். நம் ஆகாயப் படையின் 18 சுகோய் போர் வானூர்திகளில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தன என்றும் மற்றவை பழுதுபார்ப்பில் கிடந்தன என்றும் அன்றைய தற்காப்பு அமைச்சர் கூறினார். உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். விமானி இருந்தார், விமானம் இருந்தது, அதைப் பறக்க வைக்கும் நிலையில் நாம் இல்லை. 2023இல் மேலும் 18 இலகு போர் வானூர்திகளைத் தென்கொரியாவிடம் வாங்க முடிவு செய்தோம். அந்தப் போட்டியில் இந்தியாவின் தேஜஸும் இருந்தது.

தேஜஸின் கதையையும் சற்று எண்ணிப் பாருங்கள். திட்டம் 1983இல் தொடங்கியது. முதல் பறப்பு 2001 ஜனவரியில். முதல் படைப்பிரிவு உருவானது 2016இல். அந்தப் பிரிவு பின்னர் நம் கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! அதற்குப் பிறகும் அதன் இயந்திரம் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. உள்நாட்டில் உருவாக்க முயன்ற காவேரி இயந்திரம் தேஜஸில் ஏறவில்லை. 2025 நவம்பரில் துபாய் வானூர்திக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தார். இவற்றைச் சொல்லி இந்தியாவை எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. செய்பவனுக்குத்தான் தவறு நேரும். வாங்குபவனுக்குத் தவறு நேராது. ஆனால் அவனுக்கு எதுவும் தெரியவும் போவதில்லை.

பிரேசில் என்ன செய்தது? 1950இல் வானூர்தித் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு கல்விக்கழகத்தைத் தொடங்கியது. எம்பிராயர் விமான நிறுவனம் பிறந்தது 1969இல். முதலில் பள்ளி, பத்தொன்பது ஆண்டு கழித்துத் தொழிற்சாலை! இன்று உலகப் பயணிகள் விமானச் சந்தையில் ஏர்பஸ், போயிங் ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் எம்பிராயர் நிற்கிறது.

நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் ஹபிபியின் என்-250 விமானம் 1995 ஆகஸ்டில் வெற்றியுடன் பறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பொருளாதார நெருக்கடி வந்தது, திட்டம் நின்றது. ஆயினும் பாண்டுங் தொழிலாளர்களின் கை பழகியதை மறக்கவில்லை. அதே நகரில் 2017இல் என்-219 என்னும் புதிய விமானம் எழுந்தது. நம் மலேசிய ஆகாயப் படையும் பாண்டுங்கில் உருவான சி.என்.-235 வானூர்திகளை வாங்கிப் பயன்படுத்தி வருகிறது. திட்டம் சாகலாம்; கைத்திறன் சாகாது.

பழம்பெருமை போதுமா?

நம் மேடைகளுக்கு வருவோம். தமிழர் அன்றே விமானம் கண்டவர் என்று முழங்காத பேச்சாளர் இல்லை. ஓட்டுநர் இல்லாத வான ஊர்தியைப் புறநானூறு குறிப்பிடுகிறது என்பார்கள். சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைச் சொல்வார்கள். உண்மைதான். சச்சந்தன் அந்தப் பொறியைச் செய்வித்தான். கருவுற்றிருந்த விசயை அதில் ஏறிப் பறந்தாள். சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெற்றாள். அரசன் பெயரும் அரசி பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த மயிலைச் செய்து கொடுத்த தச்சனைப் பற்றி எந்த மேடையிலாவது எவராவது ஒரு கேள்வி கேட்டதுண்டா? அன்று தொட்டே நமக்குப் பறந்தவர்தாம் கதை.

அப்துல் கலாமின் படம் இல்லாத தமிழ்ப்பள்ளியை நான் கண்டதில்லை. கனவு காணச் சொன்னவர் என்று அவரைப் போற்றுகிறோம். அந்தக் கனவின் பாதையை முழுதாகச் சொல்கிறோமா? அவர் போர் விமானியாக விரும்பினார். பின்னாளில் அதற்கான தேர்வில் வாய்ப்புக் கிட்டவில்லை. அதற்கு முன் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்தார். பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, வானூர்தி இயந்திரங்களைக் கழற்றிச் செப்பனிடும் குழுவில் வேலை செய்தார். ஆம், நீங்கள் 'மெக்கானிக் வேலை' என்று முகம் சுளிக்கிறீர்களே, அந்த வேலைதான்! படத்துக்கு மாலை போடும் நாம், அவர் கையில் ஒட்டியிருந்த எண்ணெயை மட்டும் துடைத்துவிட்டோம்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்பது நம் பாட்டிமார் சொன்ன பழமொழி. நாம் கோழி பிடிக்கக் கற்றுத் தரவே இல்லை. நேரே வைகுண்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி

'நான் ஒரு விமானம்' என்று தன்கதை எழுதப் பயிற்சி கொடுக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்த அழகிய தொடர்களால் ஏட்டை நிரப்புகிறார்கள். அந்த விமானம் ஏன் மேலெழுகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் கால அட்டவணையில் இருக்கிறது. அதற்கு முன் வாழ்வியல் திறன் இருந்தது. மனச்சான்றைத் தொட்டுச் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் கணக்குப் பயிற்சித் தாள் கொடுக்காத பள்ளிகள் எத்தனை? பாடத்திட்டத்தில் செய்து பார்க்கச் சொன்னதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு முடித்தவர்கள் எத்தனை பேர்? நானும் அப்படித்தான் செய்தேன். அப்போதெல்லாம் யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். 2021இல் அந்தத் தேர்வு ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, திருடிய பாடவேளை இன்னும் திரும்பவில்லை.

பெற்றோரின் மறுப்புகள்

இதை எழுதினால் என்னென்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டங்களில் கேட்டவைதான்.

*'எங்கள் பிள்ளை தொழிற்சாலைக் கூலியாகவா போக வேண்டும்?'* தொழிற்சாலையில் உழைத்தே நம்மில் பலரை நம் பெற்றோர் ஆளாக்கினர். அது ஒருபுறம் இருக்கட்டும். வானூர்தியைச் சரிபார்த்துப் பறக்கத் தகுந்தது என்று கையெழுத்திடுபவர் உரிமம் பெற்ற வானூர்திப் பொறியாளர். ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வெழுதி, ஆண்டுக்கணக்கில் அனுபவம் பெற்று அடைய வேண்டிய தகுதி அது. அவர் கையெழுத்து இல்லாமல் எந்த விமானியும் அந்த விமானத்தைக் கிளப்ப முடியாது. இதுவா கூலி?

*'நம்மவருக்கு வாய்ப்புத் தருவார்களா?'* இந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நம் சமூகம் பட்ட காயங்களிலிருந்து எழும் கேள்வி அது. ஆனால் விண்ணப்பமே போடாதவனுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று எப்படி வழக்காடுவது? முதலில் தகுதியோடு வாசலில் போய் நிற்போம். அதற்குப் பிறகும் கதவு அடைபட்டால், அதை உரக்கச் சொல்லும் முதல் ஆளாக நான் இருப்பேன்.

*'போர் விமானம் செய்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது முறையா?'* நல்ல கேள்வி. குண்டு சுமக்கும் விமானத்தைக் கண்டு மகிழும் மனம் எனக்கும் இல்லை. ஆனால் நோயாளியைத் தீவிலிருந்து தூக்கி வரும் வானூர்தியும், வெள்ளத்தில் உணவு போடும் வானூர்தியும் இதே தொழிலில் பிறந்தவை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் உரிமை செய்யத் தெரிந்தவனுக்கே முதலில் வரும்.

*'மருத்துவர் ஆகும் ஆசை தவறா?'* தவறே இல்லை. எட்டு வழிகள் உள்ள ஊரில் இரண்டே வழிகளைக் காட்டிவிட்டு, அதில் நடக்க முடியாத பிள்ளையை 'உதவாக்கரை' என்பதுதான் தவறு.

என்ன செய்யலாம்?

பெரிய மாநாடு வேண்டாம். பரிந்துரைகளை எழுதி அமைச்சுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். நம் கைக்கு எட்டியதைச் செய்வோம்.

1. அந்தப் பாடவேளையைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். அட்டையிலும் மெல்லிய மரத்திலும் இறக்கை செய்யட்டும். பறக்காவிட்டால் ஏன் பறக்கவில்லை என்று அளந்து, மறுபடி செய்யட்டும். தோற்ற இறக்கைக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, சுற்றுலா என்றால் விலங்குக்காட்சி சாலையும் பேரங்காடியும் மட்டுந்தானா? ஸ்கூடாய் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காற்றுச் சுரங்கம் என்றால் என்னவென்று பிள்ளைகள் ஒரு நாளாவது கேட்கட்டும்.

3. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் உள்ள பெற்றோரே, 'திவேட்' எனப்படும் தொழில்நுட்ப, தொழில்திறன் கல்வியை 'படிப்பு ஏறாதவர்களுக்கு' என்று சொல்லாதீர்கள். கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் வானூர்தித் தொழில்நுட்பக் கழகம், பந்திங் போலிடெக்னிக் போன்ற இடங்களில் வானூர்திப் பராமரிப்புப் படிப்புகள் இருக்கின்றன. கட்டணம், தகுதி, உரிமத் தேர்வு மூன்றையும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

4. பெண் பிள்ளைகளை மறவாதீர்கள். கார்பன் இழைத் துணியைப் பிசகாமல் அடுக்கும் கைக்கு ஆண், பெண் என்ற கணக்கு இல்லை.

5. ஆசிரியரே, ஒரு பெற்றோர் கேட்கும் படிப்பு உங்களுக்குத் தெரியாவிட்டால், 'தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் அன்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

இறுதியாக...

சில மாதங்களுக்கு முன் அந்த மாணவனை உணவுக் கடையொன்றில் கண்டேன். "வணக்கம் ஐயா" என்று எழுந்து நின்றான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பேச்சுப் போட்டியை நினைவுபடுத்தி, மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். "பரவாயில்லை ஐயா. என் மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் உள்ள விசிறியை எல்லாம் கழற்றிப் போடுகிறான். அவனைத் திட்டாத பள்ளியாக இருந்தால் போதும்" என்றான்.

அந்தக் குழந்தை நாளை உங்கள் வகுப்பிலோ என் வகுப்பிலோ வந்து உட்காரலாம். மேடையேறி, விமானம் செய்யப் போகிறேன் என்று சொல்லலாம். அன்று நடுவர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நாம் தாளில் என்ன எழுதப் போகிறோம்?

சிந்திப்போம். மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுதுங்கள். கற்றுக்கொள்ள அணியமாய் இருக்கிறேன்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்